பூணூலும் பந்தியும்

1608 வாக்கில் மதுரையில் ஐரோப்பியப் பாதிரிமார் இரண்டே பேர்தான் இருந்தார்கள். இருவருமே சேசு சபைக்காரர்கள். அதே வேதம், அதே பூசை, விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதும் நின்றுவிட்டது. ஏதாவது பேச வேண்டியிருந்தால் இருட்டிய பிறகுதான்.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மெய்யான கிறிஸ்தவன் யார் என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்டால் அன்பு, தாழ்மை, மன்னிப்பு என்று பதில் வரும். எந்த ஊருக்கும் பொருந்துகிற பதில் அது. எங்கள் ஊர் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கவில்லை. தலையில் குடுமி இருக்கிறதா, மார்பில் என்ன கிடக்கிறது, யார் பொங்கிய சோற்றைத் தின்கிறாய் என்றுதான் நானூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டி வந்தபோதெல்லாம் அந்த இரண்டு பாதிரிமாரிடமிருந்துதான் தொடங்குவேன். வேறு எங்கே தொடங்கினாலும் பின்வரிசை தூங்கிவிடும்.

மூத்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்த்துக்கீசியர். பாதிரியாவதற்கு முன்னால் சிப்பாயாக இருந்தவர். 1595 வாக்கில் மதுரைக்கு வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோகிற பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைப்பது அவர் வேலை. ஒரு சின்னக் கோயில், ஒரு பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க ஓர் இடம். உழைப்பாளி, நல்ல மனிதர். ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேல் இங்கே குடியிருந்தும், எழுந்து நடமாடுகிற மதுரைக்காரர் ஒருவரைக்கூட அவரால் வேதத்தில் சேர்க்க முடியவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவர் பறங்கி. மாட்டிறைச்சி தின்பார், மது குடிப்பார், தோல் செருப்போடு வீட்டுக்குள் நடப்பார், தினசரி குளிக்க மாட்டார், எவரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். இது போதாதென்று, ஞானஸ்நானம் வாங்க வருகிறவரிடம் துபாஷிகள் கேட்ட கேள்வி இது: ‘பறங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா?’ கடற்கரையில் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி வேதத்தில் சேர்ந்த பரதவர்களுக்கு அந்தக் கேள்வியில் தவறு தெரியவில்லை. மதுரையில், மீனாட்சி கோயிலைச் சுற்றி வீதி வீதியாகக் குலம் பார்த்துக் குடியிருந்த ஊரில், இதற்கு யார் தலையாட்டுவார்?

இளையவர் ரொபெர்த்தோ தெ நொபிலி. 1577இல் உரோமையில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 1605இல் கோவாவில் இறங்கி, 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே, பெர்னாண்டஸோடு ஒரே வீட்டில் இருந்தால் தானும் பறங்கிதான் என்று விளங்கிவிட்டது. தனி வீடு பார்த்தார். காவி உடுத்தினார். நெற்றியில் சந்தனம், காலில் பாதக்குறடு. பிராமணச் சமையல்காரர் வைத்துச் சோறு, பால், காய்கறி என்று ஒருவேளைச் சாப்பாடு. தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். நான் பறங்கி இல்லை, உரோமாபுரியில் ராஜகுலத்தில் பிறந்த சந்நியாசி என்று சொல்லிக்கொண்டார். தத்துவ போதகர் என்று ஊர் அவரை அழைத்தது.

அவரிடம் முதலில் வேதத்தில் சேர்ந்தவர், பெர்னாண்டஸின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வாத்தியார். இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தவரிடம் வராத மனசு, நேற்று வந்தவரிடம் வந்துவிட்டது. பெர்னாண்டஸுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிரச்சினை வெடித்தது அடுத்தவரால். நொபிலிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த சிவதர்மர் என்ற பிராமணர் 1609இல் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பிறகும் அவர் பூணூலைக் கழற்றவில்லை, குடுமியையும் எடுக்கவில்லை. கழற்ற வேண்டாம் என்று நொபிலியே சொல்லிவிட்டார். அவரே பொன் இழையும் வெள்ளி இழையும் சேர்ந்த ஒரு பூணூலில் சிலுவையைக் கோத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்தான், பின்னால் கழற்றிவிட்டார். 1610இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு நீளமாகப் புகார் எழுதினார். இந்த மனிதர் என்னோடு உண்பதில்லை, என் கோயிலுக்கு வருவதில்லை, இவருடைய கிறிஸ்தவர்கள் என் பரதவர்களோடு சேர்ந்து பூசை காண்பதில்லை, பூணூலும் சந்தனமும் அஞ்ஞானச் சின்னங்கள், இது எந்த ஊர்க் கிறிஸ்தவம்?

நம் பாடப்புத்தகங்களில் பெர்னாண்டஸுக்குக் கிடைத்திருப்பது விவரம் தெரியாத கிழவர் வேஷம். அது நியாயமில்லை. புகாரில் பொறாமை இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு கேள்விகளை அவர் ஒன்றாகக் கட்டிக் கேட்டிருந்தார். பூணூல் போட்டவன் கிறிஸ்தவனாக முடியுமா என்பது ஒன்று. பரதவனோடு உட்கார மறுக்கிறவன் கிறிஸ்தவனாக முடியுமா என்பது இன்னொன்று. கோவாவும் உரோமையும் அடுத்த பதின்மூன்று வருஷம் முதல் கேள்வியைத்தான் விவாதித்தன.

நொபிலியின் வாதம் கெட்டிக்கார வக்கீலின் வாதம். பூணூல் குலத்துக்கும் கல்விக்கும் அடையாளம், குடுமி ஊர் வழக்கம், சந்தனம் அலங்காரம். சமயச் சடங்கு வேறு, சமூக வழக்கம் வேறு. உரோமையர் கிறிஸ்தவர்களானபோது தங்கள் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டா வந்தார்கள்? மனு முதலான சமஸ்கிருத நூல்களிலிருந்து ஆதாரம் காட்டினார். மதுரைப் பிராமணர்களிடமே சாட்சி வாங்கி இணைத்தார். 1619இல் கோவாவில் சபை கூடியது. அங்கே பேராயரே அவருக்கு எதிர்ப்பக்கம். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் சாசனம் வெளியிட்டார். பூணூல் அணியலாம், ஆனால் பழையதை எரித்துவிட்டுக் குருவானவர் மந்திரித்துத் தருவதை அணிய வேண்டும். குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், உடல் சுத்தத்துக்காகக் குளிக்கலாம். இவற்றில் அஞ்ஞானச் சடங்கு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.

அதே சாசனத்தின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. உயர்குலத்தார் தாழ்ந்தவர்களை இகழ வேண்டாம், வேதம் கேட்கிற இடத்திலும் தேவதிரவிய அனுமானங்கள் பெறுகிற இடத்திலும் அவர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டாம் என்று உருக்கமான ஒரு மன்றாட்டு. அனுமதி சட்டமாக வந்தது. பக்கத்தில் உட்காருவது மன்றாட்டாகப் போய்விட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம். நொபிலியின் தமிழுக்கும் துணிவுக்கும் நான் தலை வணங்குவேன். ஞானோபதேச காண்டமும் ஆத்தும நிர்ணயமும் எழுதிய கை சாதாரணக் கை இல்லை. ஆனால் பெர்னாண்டஸின் இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1640 வாக்கில் சேசு சபையார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பிராமண சந்நியாசி வேஷத்தில் சில குருமார், பிராமணரல்லாத துறவிகளான பண்டாரசுவாமிகள் வேஷத்தில் சில குருமார். பண்டாரசுவாமிகள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம், வரலாம். பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசுவாமி. மதுரை மிஷன் உண்மையில் வளர்ந்தது இவர்கள் காலால்தான். அக்கிரகாரத்தில் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சேரிகளிலும் குடியானவர் ஊர்களிலும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நொபிலி கண் பார்வை மங்கி, மதுரையை விட்டு யாழ்ப்பாணம் போய், 1656இல் மயிலாப்பூரில் இறந்தார்.

ஜான் தெ பிரிட்டோவும் பண்டாரசுவாமிதான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டதற்குக் காரணம் பூணூலோ பந்தியோ இல்லை, பெண்டாட்டி. மறவர் சீமைத் தலைவர் தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட வேண்டும் என்றார் பிரிட்டோ. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய்ச் சொன்னாள், வாள் வந்தது. புனிதர் சரித்திரங்களில் அவள் பொல்லாதவளாகவே வருவாள். புருஷன் மோட்சம் போவதற்காக ஒரே நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். நான் அவளை உட்காரச் சொல்லவில்லை.

பிறகு வந்த நூற்றைம்பது வருஷத்தைத் தாண்டிப் போகிறேன். எந்த ஊர் வழக்கத்தைக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ளலாம் என்ற சடங்குச் சண்டை புதுச்சேரிக்கும் உரோமைக்கும் இடையே இழுத்து, 1744இல் ஒருவழியாக முடிந்தது. 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. 1830களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபையார் திரும்பி வந்தபோது, கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் என்பது பரம்பரை உரிமையாக நின்றுகொண்டிருந்தது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலையே கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரித்துத்தான் கட்ட முடிந்தது. ஒரே பீடம், பார்க்க இரண்டு கூடம். நடுச்சுவரை 1910இல் பாதிரியார் இடித்தார். பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம், தனியே உட்காரும் உரிமை அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டது. உரோமை மன்றாடிக் கேட்டதைக் கடைசியில் மதராஸ் ஜட்ஜுமார் உத்தரவாக எழுத வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. நான் சி.எஸ்.ஐ. எங்கள் மூதாதைகளை வேதத்தில் சேர்த்தது அமெரிக்கன் மிஷன். யாழ்ப்பாணத்தில் நிலைத்திருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் வந்த மதுரை கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இன்று வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நாம் நடப்பதெல்லாம் அப்போது உண்டானவை. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு வந்தது. அதே 1845இல் இதே மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1847இல் மிஷன் ஒரு தீர்மானம் போட்டது. சாதி அஞ்ஞானத்தின் ஒரு பகுதி. அதை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. தாழ்ந்த சாதியார் என்று சொல்லப்படுகிறவர் சமைத்த சோற்றைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மறுக்கிறவருக்கு நற்கருணைப் பந்தியில் இடமில்லை. இதற்கென்றே சேர்ந்து உண்ணும் விருந்துகள் வைத்தார்கள். விளைவு பயங்கரம். சபையார் பலர் விலக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மிஷனின் சொந்த உபதேசிமார்! இந்தக் கதையை ஜே. எஸ். சாண்ட்லர் எழுதிய மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றில் படிக்கலாம். பின்னாளில் தமிழ் லெக்சிகனின் முதல் பதிப்பாசிரியராக உட்கார்ந்தவரும் இதே சாண்ட்லர்தான்.

சோற்றை ஏன் பிடித்தார்கள்? தெரிந்தே பிடித்தார்கள். பச்சரிசி, காய், பழம் இவற்றை யார் கையிலிருந்தும் வாங்கலாம். தண்ணீர் பட்டு அடுப்பில் ஏறிய சோறு மட்டும் சமமானவர் அல்லது மேலானவர் கையிலிருந்துதான் வர வேண்டும். சாதி முழுவதும் அந்த உலையில் கொதித்தது. விசுவாசப் பிரமாணத்தை யாரும் மனப்பாடமாக ஒப்பித்துவிடலாம். பூணூலைச் சட்டைக்குள் மறைத்துவிடலாம். சேரிக்காரர் பொங்கிய சோறு தொண்டைக்குள் இறங்குவதை நாலு பேர் பார்க்கிறார்கள், அன்று சாயங்காலத்துக்குள் சொந்த ஊருக்குச் செய்தி போய்விடும். போன பிறகு அந்த உபதேசியின் தங்கையை யாரும் கட்டமாட்டார்கள், அவர் மகனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், அப்பா செத்தால் தூக்க ஆள் வராது. பத்து ரூபாய்ச் சம்பளம்கூட இல்லாத மனிதரிடம் ஒரு கவளத்துக்கு இவ்வளவு விலை கேட்டார்கள்.

கேள்வி சரியான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். பெர்னாண்டஸின் இரண்டாவது கேள்வியை, இருநூற்று முப்பத்தேழு வருஷம் கழித்து, ஒருவழியாக யாரோ எடுத்துக் கேட்டார்கள். ஆனால் கேட்டது சம்பளம் கொடுக்கிற கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்கள் மேஜை, நாற்காலி, கத்தி, முள்கரண்டியோடு பங்களாவுக்குள் தனியே சாப்பிட்டார்கள். வெயில் ஏறினால் கொடைக்கானல் போனார்கள். அந்த மேஜையில் உபதேசியார் எப்போதும் உட்காரலாம் என்று எந்தத் தீர்மானமும் போடப்படவில்லை. 1850இல் மதராஸில் கூடிய மிஷனரி மாநாடு மதுரை மிஷனின் பக்கம் சாய்ந்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒதுங்கிக்கொண்டது. இவ்வளவு கண்டிப்பாக ஆட்களை விலக்கிய அதே மிஷனில், எட்வர்ட் வெப் என்பவர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, நிறையப் பாட்டு தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது. சாதியை விடச் சொன்ன மிஷனரிமாரை எதிர்த்து எழுத்திலேயே மல்லுக்கு நின்றவர் சாஸ்திரியார். அவர் பாட்டைப் பாடிவிட்டுத்தான் சமபந்திக்கு உட்கார்ந்தார்கள். இன்றும் பாடுகிறோம், எனக்கும் அவர் பாட்டில்லாமல் கிறிஸ்மஸ் இல்லை.

எங்கள் அப்பத்தா பைபிள் அம்மா. 1892இல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் தொடங்கிய வேதாகமப் பெண்கள் பயிற்சிப் பள்ளியில், ரட்சண்யபுரத்தில் படித்தவள். திருமங்கலம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, வேதம் வாசித்துவிட்டு வருவாள். அவள் என்ன சாதி என்று நான் எழுதப் போவதில்லை, அவளும் சொன்னதில்லை. அவளுடைய துணிப்பையில் சுவிசேஷம், பாட்டுப் புத்தகம், ஒரு சிலேட்டு, ஒரு பித்தளை டம்ளர் இருக்கும். சில தெருக்களில் திண்ணையில் உட்காரவைத்து, மோரைத் தூக்கி ஊற்றுவார்கள். ஊற்றட்டும் என்று தன் டம்ளரை நீட்டுவாள். அவர்கள் கொட்டாங்கச்சியை எடுத்துவர இடம் கொடுக்கமாட்டாள். சேரி வீடுகளுக்குப் போனால் டம்ளர் பையை விட்டு வெளியே வராது. அவர்கள் சொம்பிலேயே வாய் வைத்துக் குடிப்பாள். “எம் பாத்திரத்த எடுத்தேன்னா அவுக மொகம் சுருங்கிரும்டா” என்பாளாம் அப்பாவிடம். சாயங்காலம் டம்ளர் கழுவப் போட்டிருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அம்மா இன்று எந்தத் தெருவுக்குப் போனாள் என்று தெரிந்துகொள்வோம் என்று அப்பா சொல்வார். 1847 தீர்மானம் அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவளை யாரும் விருந்துக்கு உட்காரவைத்துச் சோதித்ததாகவும் கேள்விப்பட்டதில்லை.

1930இல் மதுரையில் இன்னொரு அமெரிக்கர், ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். மிஷனுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கதரைத் தேடிப் போனவர். காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் கதரும் குல்லாவுமாக மதுரைக்கு வந்தபோது வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். அதற்காகவே ஊரை விட்டுப் போக நேர்ந்தது. மறுபடி வந்தார், 1944இல் மறுபடி அனுப்பப்பட்டார், சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து சர்வோதய வேலையில் கரைந்துபோனார். காவி கட்டிய நொபிலியை உரோமை சகித்துக்கொண்டது. கதர் கட்டிய கெய்த்தானை வெள்ளைக்கார சர்க்கார் சகிக்கவில்லை. இரண்டு பேரையும் பற்றி அவரவர் கூட்டத்தார் கேட்டது ஒன்றுதான்: இவர் இன்னும் நம்மவர்தானா?

அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, எல்லாருக்கும் பரட்டை அண்ணன், கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சோற்றுக் கணக்கு தலைகீழானது. வழிபாட்டுக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தவர் அவர். அவருடைய இறையியலின் நடுவே இருந்தது ஒரே உலை. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் விழுந்து, எல்லாரும் அதிலிருந்து உண்பதுதான் நற்கருணை என்றார். 2005இல் மறைந்தார். மிஷனரிகள் சோற்றைச் சோதனையாக வைத்தார்கள்; சேரியிலிருந்து வந்தவர் அதையே விருந்தாக வைத்தார்.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை அன்று மத்தியானம் பந்தி உண்டு. காலையில் ஆராதனை, பிறகு ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக்கு. ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். பன்னிரண்டரைக்கு அண்டாவைத் திறந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் வெளி வீதி வரைக்கும் அடிக்கும். நான் பரிமாறுகிற பெண்கள் கூட்டத்தில் எப்போதும் உண்டு, வாளியோடு நடந்தால் எல்லாம் கண்ணில் படும். ஏலத்தில் அதிகத் தொகை கேட்ட சில குடும்பங்கள் பந்தி தொடங்கும் நேரத்தில் காரை எடுப்பார்கள். ‘வீட்ல விருந்தாளி வந்திருக்காக டீச்சர்.’ ஒவ்வொரு வருஷமும் சரியாக அன்றைக்குத்தான் விருந்தாளி வரும். முன்னெல்லாம் இப்படி ஒரு முழு வரிசையே கிளம்பும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது இரண்டு மூன்று கார்தான். இளவட்டங்கள் தகப்பனார் கூப்பிடக் கூப்பிட இலையை விட்டு எழுந்திருக்காமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக இந்தக் கேள்வியைக் கேட்டது டெல்லி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியேதான். தமிழ்நாட்டில் வேதத்தில் சேர்ந்த ஆதிதிராவிடருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒருவர், சக தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே சாதியில் இருக்கிறார் என்று காட்டினால் போதாது, அதே அளவு கொடுமை கிறிஸ்தவத்துக்குள்ளும் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கவில்லை என்றார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கிற சுவரை அந்த மனுவோடு யாராவது படம் எடுத்து இணைத்திருக்கலாம். நம்மிடம் சாதி கிடையாது என்று மேடையில் சொல்லிக்கொண்டே சுவரை வைத்திருந்த சபைகளும் அந்தத் தோல்விக்குப் பொறுப்பு. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் அமைத்தார்கள்.

சிவதர்மருக்கு உரோமை ஒரு வழி விட்டது. பழைய அடையாளத்தை வைத்துக்கொண்டே புது வேதத்தில் இருக்கலாம், குலமும் போகாது, சொத்தும் போகாது. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே உள்ள சேரிச் சபைகளில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வழியை யாரும் விடவில்லை. அவர்களே ஒன்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆயர் வைத்திருக்கிற ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இன்னொரு பெயர். கோயிலில் டேனியல், டி.சி.யில் முருகன். ஆயருக்குத் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியும், வி.ஏ.ஓ.வுக்கும் தெரியாமல் இல்லை. பொய் சொல்கிற கிறிஸ்தவர்கள் என்று இவர்களை இளக்காரமாகப் பேசுகிற பெரிய மனிதர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. பந்தி நேரத்தில் காரை எடுக்கிறவர்களும் அவர்கள்தான். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகிற மாதத்தில் அம்மாக்கள் ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்து நிற்பார்கள். எந்தப் பேரும்மா போடணும் என்று கேட்பேன். “ஸ்கூல் பேரவே போட்ருங்க டீச்சர், காலேஜுக்கு ஆகும்” என்பார்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு வாங்குகிற பிள்ளையாக இருக்கும். முருகன் என்று எழுதி, சாதிச் சான்றிதழ் நகலை இணைத்து அனுப்பிவிடுவேன்.